சொல் தட்டாதவன்

ஜூன் 9, திங்கள்
எடை 62.9

இது நான் ஆசைப்பட்டு எழுதும் நாட்குறிப்பு இல்லை. எங்கள் பயிற்சியாளர் ஜஸ்டஸ் மாஸ்டர் உத்தரவு. கூண்டுக்குள் இறங்குகிறவன் எவனாக இருந்தாலும் தினமும் எடை, சாப்பாடு, தூக்கம் மூன்றையும் நோட்டில் எழுத வேண்டுமாம். "எழுதினதைப் படிக்க மாட்டேம்ல. பக்கம் நிறைஞ்சிருக்கான்னு மட்டும் பாப்பேன்" என்றார். ஆக, நோட்டையும் எடைதான் போடப் போகிறார்.

சாப்பாடு: ஆறு இட்லி. (மாஸ்டர் கேட்டால் நாலு.) தூக்கம்: வீட்டில் ஏழு மணி நேரம், வணிகவியல் வகுப்பில் இரண்டு.

பக்கம் நிறைய வேண்டுமே. என் பெயர் ரெமிஜியஸ். வீட்டில் ரெமி. கிளப்பில் ரம்மி, சீட்டுக்கட்டில் ஜோக்கர் நான்தான் என்பதால். போன மாதம் பதினெட்டு முடிந்தது. இனி ஓட்டுப் போடலாம், கூண்டுக்குள் சட்டப்படி உதையும் வாங்கலாம்.

எங்கள் விளையாட்டின் பெயர் எம்.எம்.ஏ. குத்து, உதை, மல்யுத்தம், கை கால் பூட்டு எல்லாம் கலந்த கலவை. பெயர்க்காரணம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: உள்ளே போனதும் என்ன செய்யலாம் என்று ஒரு "ம்ம்", எதிராளி என்ன செய்வான் என்று இன்னொரு "ம்ம்", அடி விழுந்ததும் "ஏ!" தெருச்சண்டை என்று அம்மா நினைக்கிறாள். தெருச்சண்டையில் யாராவது எடை பார்த்து ஆள் சேர்ப்பார்களா? கையுறை, பல்லுறை, மூன்று நிமிடமாக மூன்று சுற்று, ஒரு நடுவர், மூன்று தீர்ப்பாளர்கள், பக்கத்தில் ஒரு டாக்டர். எல்லாம் சட்டப்படி.

கிளப் இருப்பது தூத்துக்குடியில், முன்பு உப்பு மூட்டை அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கியில். சுவரை நக்கினால் இன்னும் கரிக்கும். நக்கிப் பார்த்தவன் சகாயம். நக்கச் சொன்னவன் நான்.

ஆகஸ்ட் 3, மதுரையில் மண்டலத் தேர்வு. ஒரு எடைப்பிரிவுக்கு ஒரு கிளப்பிலிருந்து ஒரே ஆள். 61.2 கிலோவில் எங்கள் கிளப்பில் நான் மட்டும்தான். போட்டியின்றித் தேர்வு.

ஜூன் 11, புதன்
எடை 62.7

புதிதாக ஒருவன் வந்திருக்கிறான். பெயர் பலவேசம்.

"பல வேசமா? இன்னைக்கு எந்த வேசத்துல வந்திருக்க?" என்றேன்.

"எங்க குலசாமி பேரு" என்றான், கோபமே இல்லாமல். கோபப்படாதவனைக் கிண்டல் செய்வது உப்பில்லாத கூழ் குடிப்பது மாதிரி.

என் கல்லூரிதான், வேறு பிரிவு. கபடிக்காக இடம் கிடைத்துச் சேர்ந்திருக்கிறான். ஏரல் பக்கத்து ஊர். அப்பா இல்லை. அம்மாவும் அவனும் முள்ளக்காட்டில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள், அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. ஜனவரியில் ஒரு கம்பெனியின் கபடி அணிக்கு ஆள் எடுக்கிறார்களாம். எடுத்தால் விளையாட்டோடு வேலையும். அதுவரை உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க இங்கே வந்தானாம்.

மாஸ்டர் அவனைப் பிடிக்கச் சொல்லி மூன்று பேரை விட்டார். பலவேசம் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரைத் தொட்டான். மாஸ்டர் வாயில் வைத்திருந்த விசிலை எடுத்துவிட்டுச் சிரித்தார். இரண்டு வருடத்தில் என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததில்லை. என் ஜோக்குக்குக்கூட.

விதிப்புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது. பலவேசத்துக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். "ரெமி, நீ இவனுக்கு விதியெல்லாம் சொல்லிக்குடு" என்றார் மாஸ்டர்.

விதி யாரை விட்டது.

ஜூன் 14, சனி
எடை 62.8

சொல்லிக்கொடுத்தேன்.

உண்மையானவை: கண்ணில் விரல் விடக் கூடாது. பிடரியில் குத்தக் கூடாது. கடிக்கக் கூடாது. விரலைத் தனியாகப் பிடித்து முறுக்கக் கூடாது. கூண்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கக் கூடாது.

என் சொந்தச் சரக்கு: ஒன்று, கூண்டுக்குள் வலது முழங்காலை ஊன்றித்தான் ஏற வேண்டும். இரண்டு, மூன்று தீர்ப்பாளர்களிடமும் பல்லுறையைக் கழற்றிக் காட்டி "நல்லாருக்கீங்களா" என்று கேட்க வேண்டும். மூன்று, எதிராளியின் அப்பா பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் முதல் குத்து.

சகாயம் சிரிப்பை அடக்க முடியாமல் கழிப்பறைக்கு ஓடினான்.

நான்காவது, தட்டுவது பற்றியது. பூட்டில் மாட்டி வலி தாங்க முடியவில்லை என்றால் எதிராளியின் உடம்பிலோ பாயிலோ கையால் தட்டலாம். தட்டிய அந்த நொடியே அவன் விட்டுவிட வேண்டும். ஆட்டம் முடிந்தது. தட்டியவன் தோற்றான், ஆனால் முழு உடம்போடு வீட்டுக்குப் போவான். "இந்த ஒரு விதியை எடுத்துட்டா இது விளையாட்டு இல்லல, கறிக்கடை" என்பார் மாஸ்டர்.

நான் பலவேசத்திடம் சொன்னது வேறு. "தட்டுறதெல்லாம் இங்கன பயிற்சியில மட்டுந்தாம்ல. போட்டியில தட்டினா பயந்தாங்கொள்ளின்னு வெளிய தள்ளிருவானுவ, ஒரு வருசம் தடை. ஆபத்துன்னா நடுவரே விசில் அடிப்பாரு. அது வரைக்கும் தாங்கணும்."

மாஸ்டர் பழைய பி.டி. வாத்தியார். எதற்கெடுத்தாலும் விசில்தான். அதனால் நான் சொன்னது நம்பும்படி இருந்தது. போட்டியில் விசிலே கிடையாது.

"எங்க கபடியிலயும் அப்படித்தான். விசில் வாற வரைக்கும் விடப்படாது" என்றான், அந்நிய ஊரில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி முகம் மலர்ந்து.

ஜூன் 17, செவ்வாய்
எடை 62.5

இன்று பயிற்சிச் சண்டை. பலவேசம் வலது முழங்காலை ஊன்றி ஏறினான். சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரிடமும் பல்லுறையைக் கழற்றிக் காட்டி, எச்சில் ஒழுக, "நல்லாருக்கீங்களா" என்றான். பிறகு சகாயத்திடம் திரும்பி, "ஒங்க அப்பா பேரு என்ன?" கிட்டங்கியே அதிர்ந்தது. மாஸ்டரும் சிரித்துவிட்டு, அப்புறம் என் மண்டையில் ஒன்று போட்டார்.

பலவேசமும் சிரித்தான். அதுதான் எரிச்சல். "ஏல ரெமி, வேற எதெல்லாம் ஒன் சரக்கு?" என்று கேட்டான்.

"முழங்காலு, பல்லு, அப்பா பேரு. மூணுதான்."

"மாதா மேல சத்தியமா?"

"சத்தியமா."

நான்காவது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. தவிர, நல்ல சரக்கை ஒரே நாளில் இறக்கிவிடக் கூடாது.

ஜூன் 29, ஞாயிறு
எடை 63.6 (காரணம் கீழே)

பலவேசம் வீட்டில் சாப்பாடு. அவன் அம்மா பெயர் சண்முகக்கனி. உப்பளத்து வெயிலில் முகம் கறுத்திருக்கிறது, உள்ளங்கால் மட்டும் வெளுத்து வெடித்திருக்கிறது. என்னை "எய்யா" என்று கூப்பிட்டார். என் வீட்டில் என்னை அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. சாளைமீன் குழம்பு. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

"கையி காலு ஒண்ணும் ஆயிராதே எய்யா? கபடின்னா மண்ணு. இது கம்பிக்கூண்டுங்கான்" என்றார்.

"கோழிக்கூண்டுதான்மா. கோழிக்கு ஒண்ணும் ஆகாது, அதை வெளிய எடுத்த பெறவுதான் ஆகும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதனால் சரியாகச் சொன்னேன்: நடுவர் உண்டு, டாக்டர் உண்டு, வலிக்குது என்றால் உடனே நிறுத்திவிடுவார்கள்.

"எம்பிள்ளைக்கு ஒண்ணுந் தெரியாதுய்யா. ஆனா சொல்லு தட்டாதவன். ஒருத்தரு சொன்னா அப்படியே கேட்டுக்கிடுவான். நீ பாத்துக்கிடுவேல்லா?"

"நான் இருக்கேம்லா" என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு
எடை 62.1

பலவேசம் எடை 61.0. பட்டினி கிடக்காமலே. நான் ஒரு மாதமாக இட்லியை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மாஸ்டர் அறிவித்துவிட்டார். ஒரே எடையில் இரண்டு பேர் இருந்தால் உள்ளுக்குள்ளேயே மோத வேண்டும். வரும் ஞாயிறு. ஜெயித்தவன் மதுரைக்கு.

"ஒருமாசம் பழகினவனும் ரெண்டு வருசம் பழகினவனுமா?" என்றேன்.

"அதான. ரெண்டு வருசம் பழகினவன் எதுக்குப் பயப்படுதான்?" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு
எடை 61.2

தட்டினேன்.

ஜூலை 14, திங்கள்
எடை பார்க்கவில்லை

நாற்பது விநாடி. சகாயம் போனில் எடுத்து வைத்திருக்கிறான், அதனால் பொய் சொல்ல முடியாது. காலைப் பிடித்துத் தூக்கினான், போட்டான், பின்னால் வந்து கழுத்தில் கையைச் சுற்றினான். நான் அவன் முழங்கையைத் தட்டினேன், உடனே விட்டான். விட்டதோடு நிற்காமல் என் முதுகைத் தடவி, "வலிக்கா?" என்று கேட்டான். எல்லார் முன்னாலும்.

இன்று கிளப்பில் எனக்குப் புதுப் பெயர். தட்டுவடை. சகாயம் வைத்தது. "தட்டுவடை, தண்ணி எடுத்துட்டு வா." "தட்டுவடை மொறுமொறுன்னு இருக்கா, நமுத்துப் போச்சா?" நல்ல பெயர்தான். நான் வைத்திருந்தால் நானே பெருமைப்பட்டிருப்பேன்.

போகும்போது பலவேசம் கேட்டான்: "ஏல, போன்ல பாத்தேன். வெளிநாட்டுப் போட்டியில எல்லாம் தட்டுதானுவளே?"

"அது காசு வாங்கி ஆடுறவனுக்கு. நம்மளது அமெச்சூரு. விதி வேற."

"அப்படியா" என்றான்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது.

ஜூலை 26, சனி
எடை 62.8

பனிமய மாதா கோயில் கொடியேற்றம். அம்மாவோடு காலையில் போனேன். கூட்டத்தில் ஒரு மாமாவின் முதுகில் "தள்ளவும்" என்று சீட்டு ஒட்டினேன். பாவம், நிறையப் பேர் தள்ளினார்கள்.

சாயங்காலம் பயிற்சி. மாஸ்டர் என்னைப் பலவேசத்துக்குப் பயிற்சி ஆளாக்கிவிட்டார். அவன் பையைத் தூக்குவது, அவன் உதைக்க மெத்தை பிடிப்பது. மதுரையில் அவன் மூலையில் தண்ணீர் பாட்டிலோடு நிற்கப் போவதும் நான்தான்.

ஆர்ம்பார் பழகினோம். எதிராளி நம் கையைத் தன் இரண்டு தொடைக்கும் நடுவில் பூட்டிக்கொண்டு, இடுப்பைத் தூக்கி, முழங்கையை மடங்காத பக்கமாக மடக்குவது. நான் அதை "ஆரும் பார்" என்பேன். நான் பூட்டினேன். அவன் தட்டவில்லை. இன்னும் கொஞ்சம் இடுப்பைத் தூக்கினேன். மூட்டுக்குள் ஏதோ நறநறத்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மாஸ்டரின் வாயையே பார்த்தான். மாஸ்டர் விசில் அடித்தார். விட்டேன்.

"கோட்டிப்பயலே, தட்ட வேண்டாமா?" என்று மாஸ்டர் கத்தினார்.

"பயிற்சியில தட்டிருதேன் மாஸ்டர். இன்னைக்குப் போட்டி மாதிரின்னு நெனச்சுட்டேன்."

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த ஜோடியிடம் போய்விட்டார். நான் என் கையுறையின் பட்டையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 2, சனி, மதுரை

எடை பார்க்கும் நாள். பலவேசம் 61.0. டாக்டர் கண், காது, ரத்த அழுத்தம், முழங்கை, முழங்கால் எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "நல்ல மூட்டு" என்றார்.

பிறகு விதிக் கூட்டம். நடுவர் வடக்கத்திக்காரர். பாதி இங்கிலீஷ், பாதி இந்தி. மாஸ்டர் மற்றப் பிள்ளைகளோடு எடை வரிசையில் நின்றுகொண்டிருந்ததால், பலவேசத்துக்கு நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். இருபது நிமிடம். கொடுத்த டீயில் சர்க்கரை அதிகம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பேருந்து கிடைக்கவில்லை. மாஸ்டர் ஆம்புலன்ஸில் போய்விட்டார். நாங்கள் நான்கு பேர் பைகளோடு நிற்கிறோம். அவன் பை என்னிடம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பக்கம் நிறைய வேண்டும்.

முதல் சுற்று முழுக்கப் பலவேசம்தான். எதிராளி மதுரைக்காரன், கௌசிக், நெட்டை. பலவேசம் அவனை மூன்று முறை தூக்கிப் போட்டான். இடைவேளையில் தண்ணீர் கொடுத்தேன். "நல்லாப் போகுதால?" என்று என்னைக் கேட்டான். மாஸ்டரை இல்லை, என்னை. நல்லாப் போகுது என்றேன்.

இரண்டாவது சுற்றில் நான்காவது முறை தூக்கிப் போட்டபோது, கௌசிக் கீழே கிடந்தபடியே பலவேசத்தின் வலது கையைப் பிடித்துக்கொண்டு காலை முகத்துக்கு மேலே போட்டான். இவன் புரண்டான், மல்லாந்தான். கை பூட்டுக்குள் போய்விட்டது.

மாஸ்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு "தட்டுல! தட்டுல! தட்டு!" என்று கத்தினார். பலவேசம் எங்கள் மூலைப் பக்கம் தலையைத் திருப்பினான். மாஸ்டர் சத்தம் போடுகிறார், ஆனால் அவன் என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டினேனா, ஆட்டவில்லையா, தெரியவில்லை. எந்தப் பக்கம் ஆட்டியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

அவன் இடது கை சும்மாதான் இருந்தது. அதைப் பாயில் வைக்காமல் தூக்கியே வைத்திருந்தான், விரல்களை மடக்கி. தவறிப்போய்ப் பாயில் பட்டால் தட்டினதாக ஆகிவிடுமே. அவ்வளவு வலியிலும் அதில் கவனமாக இருந்தான்.

நடுவர் குனிந்தார். கையை நீட்டினார். அதற்குள் முடிந்துவிட்டது. கை முறிந்த சத்தம் வாசலில் டீ விற்றவருக்குக் கேட்டதாம்.

கௌசிக்தான் முதலில் அலறினான். பலவேசம் அலறவில்லை. உள்ளே ஓடிய என்னிடம், "விசில் அடிச்சாச்சா? எனக்குக் கேக்கலையே" என்றான்.

ஆகஸ்ட் 6, புதன்

நேற்று மாதா திருவிழா. அம்மா கூப்பிட்டாள், போகவில்லை. வயிறு சரியில்லை என்றேன்.

பலவேசத்தைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து அறுவை செய்துவிட்டார்கள். முழங்கையில் தகடு, ஏழு ஆணி. டாக்டர் மாஸ்டரிடம் சொன்னது: கை முழுக்க நீளாது. எழுதலாம், சாப்பிடலாம். இழுக்கிற வேலை, பிடிக்கிற வேலை எதுவும் கூடாது. கபடியைப் பற்றி மாஸ்டர் கேட்டார். டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போனார்.

மாஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஏம்ல தட்டல? ஏம்ல?" என்று கேட்டார்.

"தட்டப்படாதுல்லா மாஸ்டர்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். மாஸ்டர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். "எல்லாம் கபடித் திமிரு" என்று சொல்லி, கழுத்தில் கிடந்த விசிலைக் கையில் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு மூச்சு வந்தது.

சண்முகக்கனியம்மா எனக்கு டம்ளரில் காப்பி கொடுத்தார். "நீதான்யா கூடவே நிக்க" என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
எடை 61.9

கல்லூரி வாசலில் பிளக்ஸ். பலவேசம் படம், கட்டுப்போட்ட கையோடு. "கை முறிந்தும் தட்டாத சிங்கமே!" பசங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து, வரிசையாக நின்று அவன் மாவுக்கட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். நானும் போட்டேன். எல்லாரும் ஏதாவது எழுதியிருந்தார்கள், நான் பெயர் மட்டும்.

மாஸ்டர் பிளக்ஸைப் பார்த்துவிட்டுக் கிழித்தார். நாளைக்கு இன்னொன்று வைப்பார்கள்.

ஆகஸ்ட் 23, சனி
எடை 61.5

திருச்சியில் செப்டம்பர் 7, மாநில ஓப்பன் போட்டி. கிளப்புக்கு எடைக்கு ஒரு ஆள். 61.2-இல் யார் என்று மாஸ்டர் கேட்கவே இல்லை. பட்டியலில் என் பெயரை எழுதினார், என் முகத்தைப் பார்க்காமல்.

தட்டுவடை என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. ஜோக்கடிக்கிற மூடில் யாரும் இல்லை.

ஒரு விஷயம். நான் சொல்லாமல் இருந்திருந்தாலும் அவன் தட்டியிருக்க மாட்டான். கபடிக்காரன். மாஸ்டரே சொல்கிறாரே, திமிர் என்று. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு, திருச்சி
எடை 61.2

பலவேசம் வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். "நீ எனக்கு நின்னேல்லா" என்று சொல்லி, கையைக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டான். அரங்கில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தான்.

காலை பத்து மணிக்கு என் சண்டை. எதிராளி தஞ்சாவூர்க்காரன். முதல் சுற்றில் நான்கு குத்து வாங்கினேன், இரண்டு கொடுத்தேன். இரண்டாவது சுற்றில் கீழே விழுந்தோம். அவன் என் வலது கையைப் பிடித்துக் காலைத் தூக்கினான். பூட்டு இன்னும் விழவில்லை. வலி இல்லை, ஒன்றும் இல்லை. கை இன்னும் மடங்கித்தான் இருந்தது.

தட்டினேன். ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை, பாயில், அவன் தொடையில், கிடைத்த இடத்தில் எல்லாம்.

நடுவர் பாய்ந்து எங்கள் நடுவில் விழுந்தார். அவன் விட்டான். கைகொடுத்து என்னைத் தூக்கினான், கட்டிப்பிடித்தான். டாக்டர் முழங்கையை நீட்டி மடக்கிப் பார்த்து, ஒன்றுமில்லை, போகலாம் என்றார். ஒலிபெருக்கியில் தமிழிலேயே சொன்னார்கள்: "தட்டியதால் ஆட்டம் முடிவு." கூட்டம் எனக்கும் கைதட்டியது. கலந்துகொண்டதற்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

கூண்டை விட்டு இறங்கும்போது இரண்டாவது வரிசையைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

பலவேசம் என் கையிலிருந்த சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 8, திங்கள்

நேற்றைய பேருந்து. மாஸ்டரும் சகாயமும் முன்னால் தூங்கினார்கள். எனக்கும் பலவேசத்துக்கும் கடைசிக்கு முந்தின சீட். விராலிமலை தாண்டியது. வெயில் அவன் மாவுக்கட்டில் அடித்தது. என் கையெழுத்து முழங்கைக்குக் கிட்டே இருக்கிறது.

"ஒன்னைய ஏன் வெளிய தள்ளல?" என்று கேட்டான்.

"ம்ம்?"

"ஒரு வருசம் தடைன்னேல்லா. சர்டிபிகேட்டு குடுத்தானுவ."

நான் சிரித்தேன். அது தானாக வரும். "ஏல, அது சும்மா ஒரு ஜோக்குக்கு அப்பச் சொன்னது. மறந்தே போச்சு. நீ அதை இன்னுமா..."

"மதுரையில அந்த நடுவரு தட்டுறதைப் பத்தி என்ன சொன்னாரு? நீதான பக்கத்துல இருந்து சொன்ன."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"அவரு தரையில இப்படித் தட்டிக் காமிச்சாரு. நான் பாத்தேன். என்னன்னு கேட்டேன். பாயில எச்சி துப்பப்படாதாம்னு சொன்ன."

ஆமாம். அப்படித்தான் சொன்னேன். நடுவர் குனிந்து தரையில் மூன்று முறை தட்டிக் காட்டி, தட்டினால் நிறுத்துவேன், வாயால் சொன்னாலும் நிறுத்துவேன், வெட்கப்படாதீர்கள், நாளைக்கும் விளையாட வேண்டும் என்றார். இங்கிலீஷில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை. எனக்கு இரண்டும் புரிந்தது. நான் எச்சில் என்றேன்.

"அன்னைக்கும் மறந்துட்டியா?" என்று பலவேசம் கேட்டான்.

பதில் சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை. மாஸ்டர் படிக்க மாட்டார்தான், ஆனாலும்.

அவன் அடிக்கவில்லை, கத்தவில்லை. முன்னால் போய் மாஸ்டரை எழுப்பவும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கோவில்பட்டி வந்ததும் சொன்னான்: "ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வா. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். அம்மைட்ட நீயே சொல்லு."

செப்டம்பர் 11, வியாழன்

காய்ச்சல் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். தெர்மாமீட்டரைச் சுடுதண்ணீரில் வைத்துப் பார்த்தேன். அம்மா நம்பினாள். பலவேசத்துக்குப் போன் போட்டேன். "காய்ச்சல்னா அடுத்த ஞாயிறு வா. அதுவும் முடியலன்னா அதுக்கடுத்த ஞாயிறு" என்றான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

போனேன்.

சண்முகக்கனியம்மா அடுப்பில் இருந்தார். "வா எய்யா, கண்ணுலயே காணல" என்று தட்டு வைத்தார். எனக்காக நெத்திலி வாங்கினாராம். பலவேசம் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். கட்டைப் பிரித்திருந்தார்கள். கை முழங்கையில் வளைந்து, சூம்பி, வேறு யாருடைய கையோ போல மடியில் கிடந்தது. அவர் குழம்புச் சோற்றைப் பிசைந்து அவனுக்கு இரண்டு வாய் ஊட்டினார். இடது கையால் தின்னப் பழகணும் என்று அவன் முகத்தைத் திருப்பினான்.

"சொல்லு" என்றான் என்னிடம்.

"என்னய்யா, என்ன சொல்லணும்?" என்றார் அவர்.

சொன்னேன். முழங்கால், பல்லுறை, அப்பா பெயர் எல்லாம் சொல்லி, அப்புறம் நான்காவதாக இப்படி ஒன்று சொன்னேன், அதை இவன் நம்பிவிட்டான், அதனால்தான் தட்டவில்லை என்று சொன்னேன். மதுரைக் கூட்டத்தையும் சொன்னேன். எச்சில் என்று மாற்றிச் சொன்னதையும். பேருந்தில் பலவேசத்துக்குச் சொன்ன பதிலைக்கூடச் சொன்னேன், அவனுக்கு ஏதாவது ஆனால் அவன் இடம் எனக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தேன் என்று.

அவர் என்னையே பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

"கோட்டிப்பய! எதுல விளையாடுததுன்னு ஒரு இது வேண்டாமா? பல்லக் காட்டி நல்லாருக்கீங்களான்னு கேட்டானாமே எம்பிள்ள! இந்த மொகத்த வச்சுக்கிட்டுப் பொய்யி சொன்னா நான் நம்பிருவனாக்கும்? சாப்புடுய்யா." இன்னும் இரண்டு நெத்திலியை என் தட்டில் போட்டார்.

நானும் சோற்றில் கை வைத்தேன். சொல்லியாகிவிட்டது. கேட்டாகிவிட்டது. நம்பாதது என் தப்பா?

பலவேசம் சிரிக்கவில்லை.

"நீ சிரிச்சுக்கிட்டேல்லா சொன்ன" என்றான்.

"இல்லல."

"சிரிச்ச. இப்பவும் சிரிக்க."

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். வாய் இரண்டு பக்கமும் இழுபட்டுத்தான் இருந்தது. இறக்கப் பார்த்தேன், உடனே இறங்கவில்லை.

"மறுபடி சொல்லு" என்றான். "சிரிக்காமச் சொல்லு."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, முதலிலிருந்து சொன்னேன். முழங்காலையும் பல்லையும் விட்டுவிட்டேன். நேராக நான்காவதற்குப் போனேன். அவர் முதலில் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மதுரைக்கு வந்தபோது கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். நான் முடித்ததும் எழுந்தார். அப்புறம் என் தட்டை எடுத்து, அதிலிருந்த சோற்றையும் மீனையும் வாசலில் கிடந்த நாய்க்குக் கொட்டிவிட்டு, தட்டைக் கழுவி, கவிழ்த்து வைத்தார்.